வேதாரண்யத்தில் மாடியில் ஆன்டெனா போட்டும் ரூபவாஹினி வரவில்லை, என்ன தப்பு?

உப்பளத்தான்:
வணக்கம். வீடு வேதாரண்யம் பக்கம், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர். அப்பாவுக்கு 74 வயது. 80களில் தெருவில் ஒரே வீட்டில்தான் டிவி இருந்ததாம். அங்கே போய் இலங்கை அரசு டிவியான ரூபவாஹினி பார்த்த கதையைப் பேரன்களிடம் தினமும் சொல்கிறார். "இப்பவும் வரும்டா, கம்பிதான் ஒழுங்கா கட்டணும்" என்று ஒரே பிடிவாதம். சரி என்று பழைய இரும்புக் கடையில் ஒரு ஆன்டெனா வாங்கி, 20 அடி ஜி.ஐ. குழாயில் மொட்டை மாடியில் நிறுத்தினேன். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரும் போட்டாயிற்று. 43 இன்ச் எல்.இ.டி. டிவி. மூன்று நாளாகத் தேடவிட்டும் ஒரு சேனல்கூடச் சிக்கவில்லை. தயவுசெய்து "யூடியூபில் பார்க்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

மாடிக்கம்பி:
நான்கு கேள்வி. டிவி எதைத் தேடுகிறது, டிஜிட்டலா அனலாக்கா? ஆன்டெனாவில் வயர் பூட்டியிருக்கும் கம்பி எத்தனை செ.மீ.? டேப் வைத்து அளந்து சொல்லுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். எந்தத் திசையைப் பார்க்கிறது? பூஸ்டர் மேலே குழாயில் இருக்கிறதா, கீழே டிவிக்குப் பின்னாலா?

உப்பளத்தான்:
டிவியில் 'ஆட்டோ' என்று கொடுத்தேன், எதைத் தேடியதென்று தெரியாது. கம்பி 27 செ.மீ. திசை நேர் கிழக்கு, கடலைப் பார்த்து. பூஸ்டர் டிவிக்குப் பின்னால்.

மாடிக்கம்பி:
நினைத்தேன். மூன்று தப்பு இருக்கிறது, எதுவும் பெரிதில்லை.

முதலில் திசை. கடல் கிழக்கே இருப்பதால் இலங்கையும் கிழக்கே என்று நம் பக்கத்தில் பாதிப் பேர் நினைக்கிறோம். மேப்பைத் திறந்து பாருங்கள். கோடியக்கரையிலிருந்து, இலங்கையின் வட கரையிலுள்ள காங்கேசன்துறை தெற்கே இருக்கிறது, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. நேர் கிழக்கே போனால் வங்காள விரிகுடாதான். நல்ல வேளையாக, வன்னியில் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரமும் அதற்கப்பால் நுவரெலியா பக்கம் பிதுருதலாகலை உச்சியும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. தெற்கிலிருந்து 15 முதல் 25 டிகிரி கிழக்கே திருப்புங்கள். சோழகக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று உங்கள் ஊர் மீனவர் யாரையாவது கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார். அந்தத் திசையை ஒட்டித்தான்.

இரண்டாவது கம்பி. ரூபவாஹினியின் பெரிய டிரான்ஸ்மிட்டர்கள் வி.எச்.எஃப். மேல் பட்டையில், அதாவது 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸுக்குள். அதைப் பிடிக்க வயர் பூட்டும் கம்பி 60 முதல் 80 செ.மீ. நீளம் வேண்டும். உங்களுடைய 27 செ.மீ. யு.எச்.எஃப். ஆன்டெனா, அதைவிட உயர்ந்த அலைவரிசைக்கானது. நல்ல சரக்குதான், இந்த வேலைக்கு ஆகாது.

மூன்றாவது டிவி. இலங்கையில் தரைவழி ஒளிபரப்பு இன்னும் அனலாக்தான். மெனுவில் 'கேபிள்' என்று இருந்தால் 'ஆன்டெனா' என்று மாற்றி, ஏ.டி.வி. (அனலாக் டிவி) தேடலை மட்டும் ஓடவிடுங்கள்.

தூத்துக்குடி அண்ணாச்சி:
தம்பி, நான் 1984 முதல் டிவி மெக்கானிக். மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். புது எல்.இ.டி. டிவிகளில் சிக்னல் பலவீனமாக இருந்தால் படத்தை மறைத்து நீலத் திரையைக் காட்டிவிடும். அதை மெனுவில் அணைத்துவிட்டுத் தேடுங்கள். புள்ளி புள்ளியாக இரைவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஆன்டெனாவைத் திருப்பவே முடியும். அந்தக் காலத்தில் மாடியில் ஒருத்தன், கீழே ஒருத்தன், "வருதா? வருதா?" என்று தெருவே கேட்கக் கத்துவோம். இப்போது செல்போன் இருக்கிறது, அது ஒன்றுதான் வசதி.

இன்னொன்று, பூஸ்டரைக் கீழே வைத்துப் பிரயோசனமில்லை. 20 மீட்டர் வயரில் தேய்ந்து வந்த சிக்னலை இரைச்சலோடு சேர்த்துப் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். மேலே ஆன்டெனாவுக்குக் கீழேயே கட்டுங்கள்.

வடமராட்சி:
அண்ணை, நாங்கள் இதை மறுபக்கமிருந்து செய்தனாங்கள். எங்கட வீட்டில் அன்ரனா வடக்கே பார்த்து நிற்கும், தூரதர்சனுக்காக. பனைக்கு மேலே தெரிய வேண்டும் என்று அப்பா குழாய்க்கு மேல் குழாய் வைத்துக் கட்டினவர். பிறகு ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரம் எழும்பினதும் தென்மேற்கே திருப்பினார். கொக்காவில் கோபுரம் 1990இல் சண்டையில் போய், 2011இல் 174 மீட்டரில் திரும்பக் கட்டினது. உங்கட அப்பா பார்த்தது அநேகமாக பிதுருதலாகலையாக இருக்கலாம், இல்லாவிட்டால் பழைய கொக்காவில்.

உப்பளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கொக்காவில் எங்களுக்கு எவ்வளவு தூரம்? நாள் முழுக்க வருமா?

மாடிக்கம்பி:
வராது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கொக்காவில் உங்களுக்குச் சுமார் 140 கிலோமீட்டர். 174 மீட்டர் கோபுரத்துக்கும் உங்கள் மாடிக்கம்பிக்கும் நேர்பார்வை கணக்குப் போட்டால் 70 கிலோமீட்டரில் பூமி வளைந்து மறைத்துவிடும். பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம்தான், ஆனால் அது 390 கிலோமீட்டர் தள்ளி. அதுவும் மறைவுக்குப் பின்னால்.

பின்னே எப்படி வருகிறது என்றால், கடல்தான் உதவுகிறது. கடல்மேல் ஈரக்காற்று தாழ்வாகப் படுத்திருக்க, அதற்கு மேல் கரையிலிருந்து வந்த சூடான வறண்ட காற்று மூடிக்கொண்டால், இடையில் ஒரு குழாய் போல ஆகிவிடும். அலை அதற்குள் மாட்டி, பூமியின் வளைவோடேயே வளைந்து வரும். பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்த இரவுகளில் அருமையாக வரும். வாடை அடிக்கும் மாதத்தில் தேட வேண்டாம்.

உப்பளத்தான்:
பத்து நாள் கழித்து வருகிறேன். கடைகளில் வி.எச்.எஃப். ஆன்டெனா கிடைக்கவில்லை. அலுமினியக் குழாய் வாங்கி நானே செய்தேன். வயர் பூட்டும் கம்பி மடித்த டைபோலாக 80, பின்னால் 85, முன்னால் 74 செ.மீ.யில் மூன்று. பூஸ்டரை மேலே ஏற்றினேன், திசையும் திருப்பியாயிற்று. நேற்று இரவு 11 மணிக்கு மேல் படம் வந்தது! நிழல் விழுகிறது, ஆனால் ஆள் முகம் தெரிகிறது. ஒரே பிரச்சினை, சத்தம் வரவில்லை. 'ஷ்ஷ்' என்று இரைகிறது.

தூத்துக்குடி அண்ணாச்சி:
டிவி மெனுவில் சவுண்ட் சிஸ்டம் டி.கே. என்ற முறையில் இருக்கும். பி.ஜி. என்று மாற்றுங்கள். அங்கேயும் நம் பழைய தூர்தர்ஷன் மாதிரி படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் சத்தம். மடித்த டைபோலுக்கும் கேபிளுக்கும் நடுவில் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டீர்களா? அது 300 ஓம், கேபிள் 75 ஓம். நேராக முறுக்கிக் கட்டினால் நிழல் விழத்தான் செய்யும்.

உப்பளத்தான்:
நேராகத்தான் முறுக்கிக் கட்டியிருந்தேன், அண்ணாச்சி. இப்போது டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன், நிழல் பாதி போய்விட்டது. பி.ஜி. மாற்றியதும் சத்தமும் வந்துவிட்டது. சிங்களத்தில் செய்தி. அப்பாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "அப்பவும் புரியாது, படம்தான் பார்ப்போம்" என்கிறார். காலை ஆறரைக்கு மங்க ஆரம்பித்து ஏழுக்குள் போய்விட்டது. பகலில் கம்பியைத் தொட்டுத் திருப்பப் போனேன், விடவில்லை. ராத்திரி தானே வரும் என்கிறார்.

தூத்துக்குடி அண்ணாச்சி:
அவர் சொல்வதுதான் சரி. நீங்கள் மூட்டுகளுக்கும் கனெக்டருக்கும் கிரீஸ் தடவி, ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள். உப்புக்காற்று ஆறே மாதத்தில் பச்சை பூக்கவைத்துவிடும். இடி மின்னல் சமயத்தில் கேபிளை டிவியிலிருந்து கழற்றிவிட மறக்காதீர்கள்.