இரவு ஜெபத்திற்குப் பிள்ளை வர மறுத்தால் கட்டாயப்படுத்தலாமா?

பாளைத் தகப்பன்:
எங்கள் வீட்டில் என் தாத்தா காலந்தொட்டு இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் நடந்துவருகிறது. கூடத்தில் பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, ஆளுக்கொரு ஜெபமாகச் சுற்றிவந்து, பரமண்டல ஜெபத்தோடு முடிப்போம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகன் மூன்று வாரங்களாகக் கதவைச் சாத்திக்கொண்டு வர மறுக்கிறான். போன செவ்வாய்க்கிழமை கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். வாயைத் திறக்காமல், பாயின் ஓரத்தில் பிரிந்துநின்ற கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே இருந்தான். கட்டாயப்படுத்துவது சரி என்பதுதான் என் எண்ணம். "நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து" என்று வேதாகமத்தில் உபாகமம் 6:7 கட்டளையிடுகிறதே தவிர, பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் போதி என்று சொல்லவில்லை. 18 வயதில் அவன் வெளியூர் போய்விடுவான். எனக்கு மிஞ்சியிருப்பது 4 ஆண்டுகள்தான். மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
சகோதரரே, இழுத்துவரப்பட்ட அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். என் தகப்பனாரும் பக்தியுள்ளவர்தான். ஆனால் வேதத்தைத் திறந்துவைக்கும் மேசையிலேயே பிரம்பும் இருக்கும். சங்கீதம் 119-இன் 176 வசனங்களையும் பத்து வயதில் ஒப்புவித்து, பல சபைகள் சேர்ந்த சேகரப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். கல்லூரி விடுதிக்குப் போன முதல் நாள் இரவு எட்டு மணியானபோது என் மனதில் வந்தது ஜெபமன்று. இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற நிம்மதி. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் ஆலயத்துக்குள் கால்வைக்கவில்லை. பிள்ளைகளைக் "கோபப்படுத்தாமல்" வளர்க்கும்படி எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. ஆசாரியனாகிய ஏலியின் குமாரர் ஆலயத்திலேயே வளர்ந்தவர்கள்; ஆயினும் அவர்கள் கர்த்தரை அறியவில்லை என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் உட்காரவைப்பதால் மட்டும் விசுவாசம் வந்துவிடும் என்றால் அவர்களுக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

ஓய்வுநாள்பள்ளி ஆசிரியை:
தம்பி, உங்கள் வேதனையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குற்றம் பிரம்பினுடையது. அதைக் குடும்ப ஜெபத்தின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. முப்பது ஆண்டுகள் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால், ஒரு ஞாயிறும் தவறாமல் வரும் பிள்ளைக்கே ஆண்டுக்கு 52 மணி நேரம்தான் எங்களிடம் கிடைக்கிறது. வீட்டில் நாளுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கினாலே ஆண்டில் 90 மணி நேரத்தைத் தாண்டிவிடும். பிள்ளையின் ஆவிக்குரிய வளர்ச்சியைச் சபையின் தலையில் கட்டிவிட்டு, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று இருக்கும் பெற்றோரைத்தான் நான் மிகுதியாகப் பார்க்கிறேன். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் வடிவ விசுவாசப் பாட நூலை எழுதியபோது, வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்கவேண்டியது என்றே அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார். தம் உடன் ஊழியனான தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் நிலைத்திருந்ததாகத்தான் பவுல் எழுதுகிறார். ஆகவே அந்த எட்டு மணியை விட்டுவிடாதீர்கள் என்றே தகப்பனாருக்குச் சொல்வேன்.

கோட்டைவாசல்:
விடச் சொல்லவில்லை, அம்மா. இழுத்துவருவதைத்தான் விடச் சொல்கிறேன். சகோதரர் காட்டிய உபாகமம் 6-ஐயே முழுவதும் வாசித்துப் பார்ப்போம். பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்வதற்கு முன்னால், இந்த வார்த்தைகள் "உன் இருதயத்தில் இருக்கக்கடவது" என்று பெற்றவனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. அடுத்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும் பேசச் சொல்கிறது. இத்தனை மணிக்கு என்று குறித்துக் கொடுக்கவில்லை. நம் வீடுகளில் பலரும் வாசிக்காமல் விடுவது 20-ஆம் வசனம். பிற்காலத்தில் உன் மகன், இந்தக் கட்டளைகள் என்ன என்று உன்னைக் கேட்கும்போது நீ இன்னவாறு பதில் சொல் என்று அங்கே இருக்கிறது. பிள்ளை கேள்வி கேட்பான் என்பதை வேதம் எதிர்பார்த்திருக்கிறது. சகோதரரே, உங்கள் மகன் கதவைச் சாத்துவதற்கு முன்னால் உங்களிடம் ஏதாவது கேட்டானா?

பாளைத் தகப்பன்:
இந்தக் கேள்வியை வாசித்துவிட்டு நேற்று முழுவதும் பதில் எழுத முடியாமல் இருந்தேன். என் தாயார் இரண்டு மாதத்துக்கு முன் மரித்தார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்களிலெல்லாம் எட்டு மணி ஜெபத்தில் அவர்களுக்காகக் கண்ணீரோடு வேண்டினோம். எல்லாரையும்விட அவன்தான் நீளமாக ஜெபித்தான். அடக்கம் முடிந்த வாரத்தில், "நாம் எல்லாரும் கேட்டோமே, ஆச்சி ஏன் பிழைக்கவில்லை?" என்று பாயில் உட்கார்ந்தபடி கேட்டான். "தேவசித்தத்தைக் கேள்வி கேட்கக்கூடாது, ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டு அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தேன். கதவைச் சாத்தியது அதற்கு ஒரு மாதம் கழித்து என்பதால் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

முத்துநகர்வாசி:
நாங்கள் கத்தோலிக்கர்; எங்கள் வீட்டில் இரவில் செபமாலை. என் மகள் சிறுவயதில் மாலையின் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லி முடிப்பதற்குள் என் மடியில் சாய்ந்து தூங்கிவிடுவாள். எழுப்பவேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும் என்பார் என் மாமியார். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டிலும் செபமாலை நிற்கவில்லை. கையைப் பிடித்து இழுப்பதும் வேண்டாம், விருப்பப்படி இரு என்று முழுவதும் விட்டுவிடுவதும் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வுநாள்பள்ளி ஆசிரியை:
பிள்ளையின் கேள்விக்குக் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பதில் சொல்வது கடினம். அதற்குத் தனியாக ஒரு நேரம் வேண்டும். இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் போதகர் குடும்பம் குடியிருந்த குருமனை 1709-இல் தீப்பற்றி எரிந்தபின், அந்தப் போதகரின் மனைவி சூசன்னா வெஸ்லி ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே உட்கார்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய மகன் ஜான் வெஸ்லிக்கு வியாழக்கிழமை. கல்லூரி ஆசிரியரான பிறகும், அந்த வியாழன் மாலையில் சிறிது நேரத்தைத் தமக்காக ஒதுக்கும்படி அவர் தாய்க்கு எழுதிக் கேட்டார்.

கோட்டைவாசல்:
அதே சூசன்னா அம்மையார்தான் பிள்ளையின் சுயசித்தத்தை இளமையிலேயே அடக்கவேண்டும் என்றும், ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சப் பழக்கியதாகவும் எழுதியவர். அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஓய்வுநாள்பள்ளி ஆசிரியை:
சொல்லத்தான் வேண்டும், அந்தப் பகுதியை நான் பின்பற்றச் சொல்லவில்லை. வளர்ந்தபின் மகன் திரும்பக் கேட்டது வியாழக்கிழமையைத்தான்.

பாளைத் தகப்பன்:
நேற்று ஜெபம் முடிந்தபின் அவன் அறைக்குப் போனேன். ஆச்சி ஏன் பிழைக்கவில்லை என்பது எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற முதல் வரியை அவனிடம் காட்டினேன். வாங்கி முழுவதும் வாசித்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஜெபத்திற்கு வருவதாகவும் சொல்லவில்லை. இனிமேல் இழுத்துவர மாட்டேன். ஆனால் தினமும் எட்டு மணிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

கோட்டைவாசல்:
கூப்பிடுங்கள், சகோதரரே. அவன் வந்து உட்கார்ந்தால், ஜெபம் சுற்றிவரும்போது அவனைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடுங்கள். என் முறை வரும்போதெல்லாம் மனதில் இல்லாததைச் சொல்லி நான் பழகியது அந்தச் சுற்றில்தான்.

ஓய்வுநாள்பள்ளி ஆசிரியை:
இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தாண்டிப் போனால் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று பிள்ளை நினைப்பான். அவன் முறையில் எல்லாரும் சிறிது நேரம் அமைதியாக இருங்கள், பேசினால் பேசட்டும்.

பாளைத் தகப்பன்:
அமைதியாக இருந்து பார்க்கிறோம், அம்மா. இன்று சனிக்கிழமை, வாசிப்பு இளையவளுடைய முறை.