மூன்றாம் நாளும் கால் வீக்கம் குறையவில்லை, மருந்தை மாற்றணுமா?

கேள்வி:
அம்மாவுக்கு இடது காலில் செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடியிலும் வரும் கிருமித் தொற்று) என்று டாக்டர் 7 நாளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறார். காய்ச்சல் விட்டது, வலியும் குறைவு, ஆனால் வீக்கம் அப்படியே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா? பயமாக இருக்கிறது.

பதில் 1:
காய்ச்சலும் வலியும் குறைந்தது நல்ல அறிகுறிதான். ஆன்டிபயாட்டிக் கிருமியைத்தான் கொல்லும், திசுவில் தேங்கிய நீர் வடிய இன்னும் நாளாகும், சிலருக்கு மாத்திரை முடிந்த பிறகும் வீக்கம் இருக்கும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். முதல் 1-2 நாள் கொஞ்சம் பரவுவது உண்டு, இனிமேல் கோட்டைத் தாண்டினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 2:
படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள், வீக்கத்துக்கு அதுதான் பெரிய உதவி. அப்புறம் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா பாருங்கள். என் அப்பாவுக்கு அதைக் கவனிக்காமல் விட்டு இரண்டு முறை செல்லுலைட்டிஸ் திரும்ப வந்தது.

பதில் 3:
ஒரு இடம் மட்டும் மெத்தென்று இருந்தால் உள்ளே சீழ் இருக்கலாம், அதைக் கீறி எடுக்காமல் மாத்திரை மட்டும் பெரும்பாலும் போதாது. தாங்க முடியாத வலி, தோல் கருத்துப்போவது, பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் இரவானாலும் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

கேட்டவர்:
சரி, கோடு போட்டுவிட்டேன். விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறது, நாளைக்கே டாக்டரிடம் காட்டுகிறேன்.