ஒரு மணி நேரத்தில் நீக்கச் சொன்னால், மூன்று பேர் நடத்தும் தளம் என்ன செய்யும்?

கரையோரம்:
வணக்கம். நாங்கள் மூன்று பேர் ஒரு சின்ன வீடியோ பகிர்வுத் தளம் நடத்துகிறோம். ஐரோப்பாவிலும் பயனர்கள் உண்டு. பயங்கரவாதப் பதிவு என்று அங்குள்ள அதிகாரிகள் உத்தரவு அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் நீக்க வேண்டுமாம். மூவரும் தூங்கும் நேரத்தில் வந்தால்? நாங்கள் ஐரோப்பாவில் இல்லை, அதனால் எங்களைக் கட்டுப்படுத்தாதா? இன்னொரு கவலையும் இருக்கிறது. போர்க்குற்றங்களை ஆவணப்படுத்தும் ஒருவர் எங்கள் தளத்தில் வீடியோக்கள் போட்டிருக்கிறார். பயத்தில் அவற்றையும் அழித்துவிடுவோமோ?

இரவுப்பணி:
கட்டுப்படுத்தும். 2021/784 என்ற அந்த ஒழுங்குமுறை 2022 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனம் எங்கே இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேவை தந்தால் பொருந்தும். அங்கே ஒரு சட்டப் பிரதிநிதியையும் நியமிக்க வேண்டும். ஆனால் முதல் உத்தரவு முன்னறிவிப்பு இல்லாமல் வராது. அவசர நிலை தவிர, குறைந்தது 12 மணி நேரம் முன்பே அதிகாரிகள் உங்களுக்கு நடைமுறையைத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கையை மீறிய காரணத்தால் நீக்க முடியாவிட்டால் உடனே சொல்லலாம்; தூக்கத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கெடு ஏன் இவ்வளவு குறுகியது என்றால், 2019 மார்ச் 15-ஐ நினைத்துப் பாருங்கள். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி அதை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலை தொடங்கி 29 நிமிடம் கழித்துத்தான் ஃபேஸ்புக்குக்கு முதல் புகாரே போனது. அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் 15 லட்சம் நகல்களை நீக்கினார்கள். நான் அப்போது வேறொரு தளத்தில், பதிவுகளைப் பார்த்து நீக்கும் மட்டுறுத்துநர். அதே காட்சி இடவலம் புரட்டப்பட்டு வந்தது, சுற்றிலும் சட்டகம் போட்டு வந்தது. ஒன்றில் டிவியில் ஓடவிட்டு ஃபோனில் எடுத்திருந்தார்கள். திரைக்குக் கீழே ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. அந்தச் செருப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

'ஹாஷ்' என்பது ஒரு கோப்பின் கைரேகை மாதிரி; அதை வைத்து நகல்களைத் தானாகக் கண்டுபிடிப்பார்கள். இப்படி மாற்றியதெல்லாம் அந்தச் சோதனையில் நழுவிவிடும். ஃபேஸ்புக்கே 800-க்கு மேற்பட்ட வடிவங்களைக் கண்டது. பயங்கரவாதப் பதிவுகளைத் தடுக்கப் பெரிய இணைய நிறுவனங்கள் 2017-இல் தொடங்கிய ஜிஐஎஃப்சிடி அமைப்பு ஹாஷ்களைப் பகிர்கிறது. நல்ல வேலைதான், ஆனால் கடைசியில் ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும். அந்த மனிதர் சின்னத் தளத்தில் யார்? அரசுகள் கெடு விதிக்கும்போது இதையும் யோசித்திருக்க வேண்டும்.

சாட்சியம்:
போர்க்குற்ற வீடியோ பற்றி மட்டும் சொல்கிறேன். செய்தி, ஆராய்ச்சி, கல்வி நோக்கத்தில் பகிர்வது அந்த ஒழுங்குமுறைப்படி பயங்கரவாதப் பதிவு ஆகாது. உத்தரவின்படி நீக்கினாலும் ஆறு மாதம் பாதுகாத்து வைக்கவேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். 2017-இல் லிபியத் தளபதி வெர்ஃபல்லிக்கு எதிராக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த கைது ஆணையில், சமூக ஊடகத்தில் வந்த வீடியோக்கள் முக்கிய ஆதாரம். அன்று யாராவது அவசரத்தில் மொத்தமாக அழித்திருந்தால்? தயவுசெய்து பயத்தில் கை வைக்காதீர்கள். அவரிடம் இன்றே சொல்லி, மூலக் கோப்புகளை வேறிடத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

கரையோரம்:
இருவருக்கும் நன்றி. அவருக்கு இப்போதே எழுதிவிட்டேன். அப்புறம், இரவில் யார் விழித்திருப்பது என்பதற்கு என்ன வழி?

இரவுப்பணி:
உத்தரவுகளை வாங்க ஒரு தொடர்பு முகவரியை எப்படியும் பொதுவில் வெளியிட வேண்டும். அதைத் தனி மின்னஞ்சலாக வையுங்கள். அதில் கடிதம் வந்தால் மட்டும் ஃபோன் உரக்க அடிக்கட்டும். வாரத்துக்கு ஒருவர் அந்த ஃபோனை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர் மறுநாள் வேறு வேலை செய்யட்டும். தனியாக உட்கார விடாதீர்கள்.