யாரும் எடுக்காமலேயே என் காய்கள் எப்படிச் செத்தன? (கோ, 9×9 பலகை)

நள்ளிரவுக்காப்பி:
வணக்கம். கோ ஆட்டம் பழக ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. செஸ் ஓரளவு ஆடுவேன், அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் காய் வைக்கணும், கறுப்பு முதலில், வைத்த காய் நகராது, நாலு பக்கமும் அடைபட்டால் எடுத்துவிடலாம், அதிக இடம் பிடித்தவருக்கு வெற்றி. பத்து நிமிடத்தில் விதி புரிந்துவிட்டது, ஆட்டம்தான் புரியவில்லை.

நேற்று கம்ப்யூட்டரோடு ஆடினேன். கீழே இடது மூலையில், அடிக்கோட்டை ஒட்டி வரிசையாக மூன்று புள்ளிகளை என் ஐந்து கறுப்புக் காய்களால் வளைத்து வைத்திருந்தேன். வெளியே சுற்றிலும் வெள்ளை. உள்ளே அவன் ஒரு காயை வீணாகப் போட்டிருந்தான், நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அவன் பாஸ் (காய் வைக்காமல் முறையை விடுவது), நானும் பாஸ், ஆட்டம் முடிந்தது. என் கணக்குப்படி ஆறு புள்ளியில் ஜெயித்திருக்க வேண்டும். அந்த ஐந்து காயும் மங்கலாகி மூலையே அவன் பக்கம் போய், பத்து புள்ளியில் தோற்றேன் என்று காட்டுகிறது. இது என்ன, சாஃப்ட்வேர் கோளாறா?

பழையபலகை:
கோளாறு இல்லை நண்பரே. அந்த ஐந்தும் உண்மையிலேயே செத்தவைதான், அவன் வந்து எடுக்கிற சிரமத்தை விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

"வீணாகப் போட்டான்" என்கிறீர்களே, அந்தக் காய் மூன்று புள்ளியில் நடுப்புள்ளியில்தானே இருந்தது? அதுதான் கொலை. எப்படி என்று பாருங்கள். வெளியே எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு, நடுவில் இருக்கும் காய்க்குப் பக்கத்தில் அவன் இன்னொன்று வைப்பான். உங்களுக்கு ஒரே மூச்சு மிச்சம் (காயை ஒட்டிய காலிப் புள்ளியைச் சீனத்தில் மூச்சு என்றுதான் சொல்வார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்). வேறு வழியில்லாமல் மூன்றாவது புள்ளியில் வைத்து அவனுடைய இரண்டு காயையும் எடுப்பீர்கள். எடுத்தால் காலியாவது இரண்டு புள்ளி. அதில் ஒன்றில் அவன் மறுபடி வைப்பான், நீங்கள் அதையும் எடுப்பீர்கள், இப்போது மிச்சம் ஒரே ஒரு ஓட்டை. அதில் அவன் வைத்ததும் மொத்தமும் காலி.

தனக்கு மூச்சே இல்லாத இடத்தில் காய் வைக்கக் கூடாது, வைக்கிறபோதே எதிரி காயை எடுக்க முடிந்தால் மட்டும் வைக்கலாம். ஆகவே தனித்தனியாக இரண்டு ஓட்டை, அதாவது இரண்டு கண், இருந்தால் எதிரி ஒரே நேரத்தில் இரண்டையும் அடைக்க முடியாது, அந்தக் கூட்டத்துக்குச் சாவில்லை. அவன் வருவதற்கு முன்னால் அந்த நடுப்புள்ளியில் நீங்களே வைத்திருந்தால், இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண், நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். வரிசையாக நான்கு புள்ளி இருந்தால் அவன் நடுவில் ஒன்றில் வைத்தாலும் நீங்கள் மற்றதில் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். அதே நான்கு சதுரமாக இருந்தால் பிழைக்காது. எண்ணிக்கை மட்டும் பார்க்காமல் வடிவத்தையும் பாருங்கள்.

மூன்றாம்கோடு:
மேலே சொன்னது சரி, ஆனால் புதிதாக வருபவருக்கு இதைப் படித்துப் புரியாது, தொட்டுப் பார்த்தால்தான் ஏறும். வீட்டில் செஸ் பலகை இருக்கும் அல்லவா? 8×8 கட்டம் என்றால் ஓரத்தோடு சேர்த்து 9×9 கோடு, அதுவே உங்கள் கோ பலகை. கட்டத்துக்குள் வைக்காமல் கோடு வெட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு பக்கம் புளியங்கொட்டை, இன்னொரு பக்கம் வெள்ளைச் சட்டைப் பொத்தான், போதும். அந்த மூலையை வைத்து இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள்.

அப்புறம், செத்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பாஸ் சொல்லாதீர்கள், ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள். சீனக் கணக்கில் காயும் இடமும் சேர்த்து எண்ணுவதால் சொந்த இடத்துக்குள் வைத்தாலும் நஷ்டமில்லை. ஜப்பானியக் கணக்கில் காலி இடமும் பிடித்த காயும்தான் கணக்கு, அங்கே உள்ளே வைக்கும் ஒவ்வொரு காயும் ஒரு புள்ளியைத் தின்னும். தொடக்கத்துக்குச் சீனக் கணக்கே மேல் என்பது என் கட்சி, சண்டைக்கு யாரும் வரலாம்.

காய்கறி:
சண்டைக்கு வரவில்லை, ஆனால் இவர் 9×9-லேயே ஆறு மாதம் உட்கார்ந்துவிடாமல் 13×13-க்குப் போகச் சொல்லுங்கள். 19×19 இப்போது வேண்டாம், 361 புள்ளியில் எங்கே வைப்பது என்றே தெரியாது. 2016-இல் சியோலில் கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரல் 4-1 என்று ஜெயித்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு நானும் நேரே பெரிய பலகைக்குப் போனேன். இரண்டாம் ஆட்டத்தின் 37-ஆம் காயை எல்லாரும் வாய் பிளந்து பேசினார்களே, எனக்கு 36-க்கும் 37-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. முதல் நூறு ஆட்டத்தைச் சீக்கிரம் தோற்றுத் தீர் என்று இந்த ஆட்டத்தில் ஒரு பழமொழி உண்டு. நான் முந்நூறு வரை எண்ணினேன்.

இன்னொன்று: எடுத்த இடத்திலேயே உடனே திருப்பி எடுக்கக் கூடாது என்ற விதிக்கும் பெயர் கோ, ஆட்டத்துக்கும் பெயர் கோ. ஜப்பானியத்தில் உச்சரிப்பே வேறு, நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகி உயிரை வாங்குகிறது. குழம்ப வேண்டாம்.

நள்ளிரவுக்காப்பி:
எல்லாருக்கும் நன்றி. ஆமாம், நடுப்புள்ளிதான்! புளியங்கொட்டை கிடைக்கவில்லை, மிளகு வைத்துப் பார்த்தேன், உருண்டு ஓடினாலும் விஷயம் புரிந்துவிட்டது. இன்று அதே கம்ப்யூட்டரோடு மறுபடி ஆடினேன். அதே மூலை, இந்த முறை அவன் வருவதற்கு முன்னால் நடுவில் நானே வைத்து இரண்டு கண் போட்டுவிட்டேன், மூலை பிழைத்தது. ஆனால் நான் அங்கே கண் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மீதிப் பலகை முழுவதும் அவனுடையதாகிவிட்டது. இது எதனால்?