நாகலூர் டு கருப்பூர்: தினமும் பஸ்ஸா, விடுதியா? முதல் வருஷத்துக்கு யோசனை வேணும்

நாகலூர்க்காரன்

வணக்கம். தங்கச்சிக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேலத்தை ஒட்டின கருப்பூர் பக்கம் பொறியியல் சீட் கிடைச்சிருக்கு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. விடுதி வேண்டாம், ஏற்காடு மலையில் இருக்கிற நம்ம நாகலூரிலிருந்து தினமும் போய் வரட்டும்னு வீட்டில் சொல்றாங்க. செலவு ஒரு காரணம், பிரிஞ்சு இருக்கமாட்டாள்ங்கறது இன்னொண்ணு. போய்வர முடியுமா? ஆங்கிலத்தில் நடத்தறதை எப்படிப் பிடிக்கறது? அரியர் விழாம இருக்க என்ன செய்யணும்?

அடிவாரம் வாசி

தினமும் போய்வர்றது வேண்டாம்ங்க. ஏற்காட்டிலிருந்து சேலம் புது பஸ் ஸ்டாண்டு 30 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா 20 கொண்டை ஊசி வளைவு. அதுக்கு முன்னாடி நாகலூரிலிருந்து ஏற்காடு வரணும், அப்புறம் புது பஸ் ஸ்டாண்டில் மாறி கருப்பூர் போகணும். மூணு பஸ்ஸில் ஒண்ணு தவறினாலும் முதல் பீரியட் போச்சு.

இதில் அடிபடறது வருகைப்பதிவு. எல்லாப் பாடமும் சேர்த்து மொத்தத்தில் 75 சதவீதம் வேணும். 65-லிருந்து 75-க்குள் இருந்தா மருத்துவச் சான்றோடு விண்ணப்பிச்சுத்தான் தேர்வு எழுத முடியும். 65-க்குக் கீழே போனா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும்.  கணக்குப் பாடம் வாரத்தில் ரெண்டு நாள் முதல் பீரியடா அமைஞ்சு, அந்த ரெண்டும் தொடர்ந்து தவறினா, வருகைப்பதிவு குறையறதோட பாடமும் பிடிபடாமப் போயிடும்.

மழையையும் யோசிங்க. இன்டர்னல் தேர்வு நடக்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் மலையில் வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மண் சரிஞ்சா குப்பனூர் வழியாச் சுத்தி இறங்கணும். ரெண்டாவது செமஸ்டர் முடியற மே மாசம் கோடை விழாக் கூட்டம். முதல் வருஷமாவது விடுதியில் விடுங்க.

கணக்கு டியூஷன், அஸ்தம்பட்டி

படிப்பு விஷயம் மட்டும் சொல்றேன், ஏன்னா தமிழ் வழிப் பிள்ளைகள் சறுக்கற இடம் எதுன்னு நல்லாவே தெரியும். அவங்களுக்குப் பாடம் தெரியாம இல்லைங்க. தெரிஞ்ச பாடத்தோட ஆங்கிலப் பேர் தெரியாது, அவ்வளவுதான். அணிக்கோவையை பள்ளிக்கூடத்தில் அழகாப் போட்ட பிள்ளை, வகுப்பில் 'டிட்டர்மினன்ட்'னு கேட்டதும் புதுசுன்னு பயந்து பேனாவைக் கீழே வெச்சிடும்.

வழி இருக்கு. நம்ம அரசுப் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே அமைப்பு. இணையத்தில் ரெண்டும் இலவசமா இறக்கிக்கலாம். பதினொண்ணு, பன்னிரண்டு கணக்கு, இயற்பியல், வேதியியல் புத்தகங்களோட ஆங்கிலப் பதிப்பை எடுத்து, தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வெச்சு, அதே எடுத்துக்காட்டு எண்ணை ரெண்டிலும் படிக்கச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு எடுத்துக்காட்டு போதும். பன்னிரண்டாம் கணக்கில் முதல் பாடமே அணிகள்தான். கல்லூரிக் கணக்கிலும் அணிகள் வரும், அதனால அங்கிருந்தே ஆரம்பிங்க. வகுப்பு தொடங்கறதுக்கு முன்னாடியே இதை முடிச்சா பாதி பயம் போயிடும்.

அணிகளில் கல்லூரியில் புதுசா வர்றது ஐகன் மதிப்பு (eigenvalue). ஒரு அணியில் 4, 1 முதல் வரிசை, 2, 3 ரெண்டாவது வரிசைன்னா சமன்பாடு λ² − 7λ + 10 = 0, விடை 5, 2. இங்கே பிள்ளைகள் குறியைத் தப்பாப் போட்டுட்டு, ஐகன் வெக்டர் வரைக்கும் போய் முழுக் கணக்கையும் இழக்கறாங்க. சரிபார்க்கப் பத்து நொடி ஆகாது: விடைகளைக் கூட்டினா மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் (4+3=7), பெருக்கினா அணிக்கோவை மதிப்பு (12−2=10). இது ஒத்துவராம அடுத்த வரிக்குப் போகவே கூடாது.

பைத்தான்ங்கற கணினி நிரல் மொழியில் முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் வரும். ரெண்டு எண்ணை இன்புட் வாங்கிக் கூட்டச் சொன்னா, 5-ம் 3-ம் கொடுத்ததுக்கு 8 வராம 53 வரும். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாத்தான் உள்ளே எடுத்துக்கும். இன்ட் போட்டு எண்ணா மாத்தணும். இதை நோட்டில் எழுதிப் படிச்சா மண்டையில் ஏறாது, தட்டச்சு செஞ்சு ஓட்டிப் பார்க்கணும். வீட்டில் கணினி இல்லைன்னா லேப் நேரத்தில் பக்கத்துப் பிள்ளை தட்ட, இவள் பார்த்துட்டு உக்காரக் கூடாது. ரொம்ப முக்கியம்.

மதிப்பெண் கணக்கு: தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதி 60-க்குக் குறைப்பாங்க. தேர்வில் 45-ம் மொத்தத்தில் 50-ம் வேணும். 45 எடுத்தா 27 ஆகும், அப்போ இன்டர்னலில் 23 இருந்தாத்தான் பாஸ். இன்டர்னல் தேர்வை அலட்சியமா விட்டவங்களுக்குத்தான் அரியர் விழுது. அசைன்மென்ட் ஒண்ணும் பாக்கி வைக்கக்கூடாது.

'தமிழர் மரபு'ன்னு ஒரு பாடம் வரும், அதைத் தமிழிலேயே எழுதலாம். சொல்லி வைங்க, தைரியமா இருக்கும்.

நாகலூர்க்காரன்

ரொம்ப நன்றிங்க. விடுதின்னா பணம்தான் யோசனை. அரசுப் பள்ளியில் படிச்ச பெண்களுக்கு அரசு தர்ற புதுமைப் பெண் திட்டப் பணமும் சேர்ந்து வருமா?

இ-சேவை அக்கா

7.5 சதவீதத்தில் போறவங்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏத்துக்கும்னு 2021-லேயே அறிவிச்சாச்சு தம்பி. சேரும்போதே அலுவலகத்தில் "இந்த ஒதுக்கீடு, விடுதியும் வேணும்"னு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கோங்க.

புதுமைப் பெண் மாசம் 1000 ரூபாய் தனி, வேற உதவி வாங்கினாலும் வரும். பணம் வராம நிக்கறது பெரும்பாலும் வங்கிக் கணக்கால. கணக்கு தங்கச்சி பேரில் இருக்கணும், ஆதார் அந்தக் கணக்கோட இணைஞ்சிருக்கணும். பாஸ்புக் இருந்தா போதும்னு விட்டுடாதீங்க, வங்கியிலேயே கேட்டு உறுதி பண்ணுங்க. பேர், இனிஷியல், பிறந்த தேதி ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இல்லைன்னா ஆதாரை முதல்ல திருத்துங்க. பள்ளியில் எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தர்ற எண்) வாங்கி வெச்சுக்கோங்க.

அடிவாரம் வாசி

பிரிஞ்சு இருக்கறது பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. முதல் ஒண்ணரை மாசம் கஷ்டமாத்தான் இருக்கும். வாராவாரம் வந்தா அடுத்த திங்கள் இன்னும் கஷ்டம், ரெண்டு வாரத்துக்கு ஒருதரம்னு பழக்குங்க. தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் போன் பேசுங்க, அழுதா உடனே கூட்டிட்டு வரக் கிளம்பாதீங்க. ஆனா சாப்பாடு, தூக்கம் ரெண்டும் கெட்டு ரெண்டு வாரம் நீடிச்சா அரசோட மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்க, தமிழில் பேசுவாங்க, இலவசம். ராகிங் தொல்லைன்னா 1800-180-5522.

லீவு முடிஞ்சு அனுப்பும்போது ஞாயிறு மத்தியானத்துக்குள்ள இறக்கிவிடுங்க. சாயங்காலம் சுற்றுலா வண்டியெல்லாம் சேர்ந்து இறங்கும், வளைவுக்கு வளைவு நிக்கணும்.