கூடையை முடைவதா, பின்னுவதா? எந்தப் பொருளுக்கு எந்தச் சொல்?

பாலக்கோடு வாசகி:
பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கைவேலைக் கண்காட்சி வைக்கிறோம். பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு வரியில் ஒரு அட்டை. "கூடை முடைதல்" என்று எழுதினால் ஒருவர் "பின்னுதல்" என்று அடித்துத் திருத்துகிறார். இன்னொருவர், முடை என்றால் நாற்றம் ஆயிற்றே என்கிறார். வைக்கப்போவது: தக்காளிக் கூடை, முறம், தென்னந்தடுக்கு, பட்டுப்புழுச் சந்திரிகை (புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு), ஒகேனக்கல் பரிசல், ஒயர் கூடை. எதற்கு எந்த வினை பொருந்தும்? வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அட்டைக்கு உதவும்.

தகடூரான்:
முதலில் நாற்றத்தைத் தள்ளிவிடுவோம். "முடை நாற்றம்" என்பதில் வரும் முடை புலால் வாடை. "பணமுடை" என்பதில் வருவது தட்டுப்பாடு. இரண்டும் பெயர்ச்சொற்கள். கூடைக்கு வருவது வினை: முடைகிறார், முடைந்தார், முடைவார். பேச்சில் "மொடையறது", "மொடஞ்ச கூடை". எழுத்து ஒன்று, சொற்கள் வேறு. அட்டையில் தாராளமாகப் போடலாம்.

முடைதல் என்றால் தட்டையான ஓலையையோ சிம்பையோ (மூங்கிலை மெல்லிசாகக் கீறிய பட்டை) ஒன்றின் மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று மாற்றி மாற்றி நுழைத்து இடைவெளி இல்லாமல் நெருக்குவது. பின்னுதல் அதைவிட அகலமான சொல்: சடை, வலை, கயிற்றுக் கட்டில், ஒயர் கூடை எல்லாம் அதில் அடங்கும். நெய்தலுக்குப் பாவு (நீளவாக்கு இழை) இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், ஊடை (குறுக்கு இழை) குறுக்கே ஓட வேண்டும். அதனால்தான் தறியில் போடும் கோரைப்பாயை நெய்கிறோம், கையால் போடும் பனையோலைப் பாயை முடைகிறோம். வேய்தல் இந்த வரிசையிலேயே சேராது; அது மூடுவது. தடுக்கை முடைவார்கள், அந்தத் தடுக்கால் கூரையை வேய்வார்கள். ஒரே ஆள் காலையில் முடைந்து மாலையில் வேயலாம், சொல் மட்டும் மாறும்.

வேய் என்பதற்கு மூங்கில் என்றும் பொருள் உண்டு. வேய்ங்குழல் அதிலிருந்து வந்தது. இதைக் கூரை வேய்தலோடு முடிச்சுப் போட்டு அட்டையில் எழுதிவிடாதீர்கள்.

மூங்கில் வேலைக்காரர்:
தக்காளிக் கூடைக்கு முடைதல்தான். திருத்தியவரும் தப்பில்லை, ஆனால் "முடைதல்" என்றால் என்ன வேலை என்று கண்ணில் தெரியும்.

வேலை கத்தியில் தொடங்குகிறது. ஒரு வருஷம் தாண்டிய, மூன்று வருஷத்துக்கு உட்பட்ட மூங்கில் வேண்டும். இளசு காய்ந்தால் சுருங்கிப் பின்னல் தொளதொளக்கும். முற்றியது வளைக்கும்போது படக்கென்று ஒடியும். பச்சையாகவே பிளக்க வேண்டும். பிளப்பு நடுவில் போகாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் மெலிந்துகொண்டே போய் அறுந்துவிடும். உடனே கத்தியை நிறுத்தி, தடித்த பக்கத்தை அதிகமாக வளைத்து இழுத்தால் பிளப்பு மறுபடி நடுவுக்கு வரும். பழகாதவர்கள் மெலிந்த பக்கத்தை இழுத்துப் பாதி மூங்கிலை வீணாக்குவது இந்த இடத்தில்தான்.

அடி போடும்போது எண்ணிக்கை முக்கியம். நான்கு பிளாச்சுக்கு (பிளந்த மூங்கில் பட்டை) மேல் நான்கு குறுக்கே வைத்தால் பதினாறு முனை. இரட்டைப்படையில் ஒற்றைச் சிம்பைச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அதே முனைக்கு மேலேயே போகும், பின்னல் பூட்டாது. அதனால் ஒரு முனையை நெடுக இரண்டாகக் கீறிப் பதினேழாக்குவார்கள். கீற வேண்டாம் என்றால் இரண்டு சிம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டலாம், நேரம் கூடுதல்.

அடி முடிந்து முனைகளை மேலே திருப்பும்போது மேல்தோல் வெளிப்பக்கம் இருக்கட்டும். இழுவையைத் தாங்குவது அந்தத் தோல்தான். உள்சதை வெளியே வந்தால் மடிப்பில் சிலாம்பு கிளம்பும். திருப்புவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது கட்டாயம். இரண்டு நாள் காயவைத்து, சுற்றுகளைக் கீழே தட்டி இறுக்கிய பிறகே விளிம்பு கட்ட வேண்டும். ஈரத்திலேயே வாய் கட்டிய கூடை சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆடிவிடும். இப்போது தக்காளியெல்லாம் பிளாஸ்டிக் கிரேடில் போவதால் இந்தக் கண்டிப்பைப் பார்க்க ஆளில்லை.

முறத்தில் பெரும்பாலும் இரண்டு விட்டு இரண்டு. ஒன்றுவிட்டு ஒன்றைவிட சிம்புகள் நெருங்கி உட்காரும், தானியம் இடுக்கில் நுழையாது. மிச்ச இடுக்குக்குக் காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். அதற்குச் சொல் "மெழுகுதல்".

ஓசூர்க்காரன்:
தகடூரான் சொன்னதில் ஒரு இடம் உதைக்கிறது. முடைதல் என்றால் இடைவெளி இல்லாமல் என்றால் பரிசல் எங்கே போகும்? பரிசலின் அடிச்சட்டத்தில் கண் கண்ணாக இடைவெளி உண்டு. பிளாச்சுகளைத் தரையில் பல திசையில் கோத்து, முனைகளை வளைத்துத் தூக்கி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகப் போடுவார்கள். தண்ணீரைத் தடுப்பது பின்னல் அல்ல, மேலே போர்த்துவது. முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். சுமார் ஏழடி விட்டம். என் கணக்கில் அட்டையில் "பரிசல் பின்னுதல்" சரி. "பரிசல் கட்டுதல்" என்றாலும் முழு வேலையும் அடங்கும்.

சந்திரிகையில் இரண்டு வினை. ஆறடிக்கு நாலடி மூங்கில் பாயை முடைகிறார்கள். அதன்மேல் இரண்டு, இரண்டரை அங்குல அகல மூங்கில் நாடாவைச் சுருள் சுருளாக நிமிர்த்தி நிறுத்திக் கட்டுகிறார்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் இரண்டு அங்குலம்போல இடம் விடுவது, பழுத்த (கூடு கட்டத் தயாரான) புழு அதில் பிடிப்புக் கிடைத்துக் கூடு கட்டத்தான். சதுர அடிக்கு 40 முதல் 50 புழு, அதாவது ஒரு சந்திரிகைக்கு ஏறக்குறைய ஆயிரம். அதற்கு மேல் திணித்தால் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டும், அதில் நூல் ஒழுங்காகப் பிரியாது. கூடு கட்டும் முன் புழு விடும் சிறுநீர் பக்கத்துக் கூட்டில் கறையாகும். அதனால் சந்திரிகையைச் சாய்த்து, காற்றோட்டமாக நிறுத்த வேண்டும். நாடா தளர்ந்து படுத்துவிட்டால் புழு ஓரத்தில் போய்க் குவியும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் கன்னடத்தில் "ஹெணெ", தெலுங்கில் "அல்லு" என்று கேட்பார்கள். முன்னது நம் "பிணை"க்கு உறவு. அட்டையில் சின்னதாகப் போட்டுவைக்கலாம்.

தகடூரான்:
பரிசல் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். நெருக்கம் கூடைக்கும் தடுக்குக்கும் பொருந்தும், எல்லாவற்றுக்கும் விதியாகச் சொல்லியிருக்கக் கூடாது. ஒயர் கூடைக்கு மட்டும் முடைதல் போடாதீர்கள், யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பின்னுதல்" அல்லது பேச்சுப்படி "கூடை போடுதல்".

பாலக்கோடு வாசகி:
நன்றிங்க எல்லாருக்கும். தடுக்கைப் பிள்ளைகளையே முடையச் சொல்லலாம் என்று இருக்கிறோம். மட்டையை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும்? கூடைகளை அடுத்த வருஷம் வரை பூச்சி அரிக்காமல் வைக்க என்ன வழி?

மூங்கில் வேலைக்காரர்:
தென்னை மட்டையை நடுத்தண்டோடு இரண்டாகக் கிழித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள். ஊறாத ஓலை மடிப்பில் வெடிக்கும், ரொம்ப ஊறினால் அழுகி வாடை வரும். (அப்போது முடை நாற்றம் என்று சொன்னவர் ஜெயித்துவிடுவார்.) பிள்ளைகளுக்கு ஆறடிக்கு மேல் நீளம் வேண்டாம், கிழிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்துவிடுங்கள்.

மூங்கிலில் மாவு கொட்டினால் உள்ளே வண்டு. அது மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தேடி வருகிறது. சிம்பை முடைவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் ஓடும் நீரிலோ, அடிக்கடி மாற்றும் தண்ணீரிலோ ஊறவைத்தால் சத்து கரைந்துவிடும். முடைந்த கூடைக்கு அது முடியாது. நல்ல வெயிலில் காயவைத்து, தரையில் வைக்காமல் காற்றுப் படும்படி கயிற்றில் தொங்கவிடுங்கள். வார்னிஷ் பூசுவதாக இருந்தால் உள்பக்கமும் பூச வேண்டும், வண்டு அதிகம் நுழைவது தோல் இல்லாத அந்தப் பக்கத்தில்தான்.