புதுப்பிப்பு: மருத்துவத்துக்கு இசட் புள்ளி போதவில்லை, என்ன செய்தோம்

அக்காவின் மகளுக்கு ஏ.எல். (இலங்கையின் உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவில் மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதவில்லை, மூன்றாம் முறையும் எழுத விடுவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் சித்த மருத்துவத்தையும் தாதியியலையும் விடாமல் போடுங்கோ" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சித்த மருத்துவம் கிடைத்துவிட்டது, அதுவும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில். வீட்டிலிருந்தே வளாகம் இருக்கும் கோணேசபுரிக்குப் போய்வருகிறாள். 5 வருடப் படிப்பு, பிறகு 1 வருடம் உள்ளகப் பயிற்சி.

எதிர்பாராதது ஒன்று: நாடியும் மூலிகையும்தான் என்று நினைத்திருந்தோம். உடற்கூறியலும் உடற்றொழிலியலும் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எலும்புகளை வரைந்து, பெயர் எழுதி, குசினிச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறாள். ஏ.எல். உயிரியல் கொப்பிகளை எறிந்துவிடாதீர்கள், அவளுக்கு இப்போது அவைதான் துணை.